பாறைக்கு வைத்த பொட்டு

காஜா பெராங், மலாக்கா
22-8-1957

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தத் தாளை யாரிடமும் காட்ட வேண்டாம், அண்ணியிடம்கூட வேண்டாம், படித்ததும் கிழித்துவிடுங்கள். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதத்தில் இங்கு எல்லாரும் சுகம் என்று இருக்கும், எனக்கு மட்டும் அது சரியில்லை. அம்மா தூங்கிய பிறகு இதை எழுதி அதோடு மடித்து வைக்கிறேன்.

நம் சந்து முனைப் பாறையில் நீங்கள் காட்டித் தந்த கல்பாசியைப் பற்றித்தான். நீங்கள் சிங்கப்பூர் போன பிறகும் உங்கள் பூதக்கண்ணாடியால் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். காய்ந்த தோல்போல் கிடப்பது, மழை பட்டதும் பச்சையாகி மூச்சுவிடுவதுபோல் விரியும், ஓரத்தில் கடுகைவிடச் சின்னச் சிவப்புக் கிண்ணங்கள் தெரியும். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் உயிர், இந்தக் கரையில் வேறெங்கும் பார்த்ததில்லை என்றீர்களே. அவ்வளவு மெதுவாக வளர்வது, ஜப்பான்காரன் வந்து ஆண்டதும் போனதும் அது நகக்கண் அளவு வளர்வதற்குள் முடிந்திருக்கும்.

மெர்டேக்கா சுதந்திர நாளுக்காக அப்பாவின் கமிட்டி சந்து முழுக்கச் சுண்ணாம்பு அடிக்கிறது. சனிக்கிழமை பொன்னுதுரை மாமா வாளியோடு வந்தார். அது உயிருள்ளது, விட்டுவிடுங்கள் என்றேன். "பாறைக்குத் தேமல் வந்திருக்கு தங்கச்சி, நாளைக்கு ரெண்டு பூச்சு பூசுனா சரியாப் போயிடும்" என்று சிரித்தார். அன்று சாயங்காலமே அம்மாவின் குங்குமச் சிமிழை எடுத்துப்போய், பாசி இல்லாத இடமாகப் பார்த்து மூன்று பொட்டும் ஒரு செம்பருத்தியும் வைத்துவிட்டு ஓடிவந்தேன். பொட்டு வைத்த கல்லில் நம் ஆட்கள் சுண்ணாம்பு அடிக்க மாட்டார்கள். அடிக்கவும் இல்லை. ஆனால் மறுநாள் அதைப் பார்த்த பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா, "ஆத்தா இங்கனதான் குந்தியிருக்கா, நாமதான் கண்ணில்லாம போயிட்டோம்" என்று அழுதாராம். இப்போது தினமும் கற்பூரமும் கூட்டமும். நாளை வெள்ளிக்கிழமை, பாறையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி எண்ணெய்க்காப்பு சாத்தப் போகிறார்கள். அப்பாதான் முன்னின்று செய்கிறார். சுண்ணாம்புக்குத் தப்பியதை எண்ணெயில் நானே கொண்டுபோய்த் தள்ளிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் சாமியோடு விளையாடினாயா என்று அப்பா என் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவார். பொட்டு வைத்தது ஏமாற்றுத்தான் அண்ணா, ஆனால் மழையில் அது விரியும்போது எனக்கும் கும்பிடத்தான் தோன்றும், அதில் பொய்யில்லை.

எண்ணெய் டின்னை எடுத்து என் கட்டிலுக்கடியில் ஒளித்திருக்கிறேன். இந்த வெள்ளி தப்பினாலும் அடுத்த வெள்ளி இருக்கிறது. அதற்குள் அப்பாவுக்கு எழுதுங்கள், தேய்க்காமல், எண்ணெய் ஊற்றாமல், தள்ளி நின்று விளக்கு மட்டும் ஏற்றட்டும் என்று. நீங்கள் சொன்னால் கேட்பார். கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான், டின்னைக் காணோம் என்று