நின்றபடி சாப்பிட்ட விருந்தாளி

அன்பு மகள் நெவெனாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், வழக்கத்துக்காகச் சொல்லவில்லை, இந்த முறை உண்மையிலேயே சுகம். நார்வேயில் நீயும் மாப்பிள்ளையும் அதுபோலவே இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அப்பாவுக்கு வயிற்றில் சின்ன ஆபரேஷன் என்றுதானே போனில் உனக்குச் சொன்னோம், முழுக் கதையைச் சொல்ல வாயைத் திறந்தால் அவர் பக்கத்தில் வந்து நின்று "அதெல்லாம் அவகிட்ட எதுக்கு" என்று கையை ஆட்டுகிறார், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன வருஷம் கோடையிலிருந்தே உன் அப்பா சாப்பாட்டின் நடுவில் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார். நெஞ்சில் அடைக்கிறது என்றார், நம் ஊர் டாக்டர் புளிப்புக்கு மாத்திரை கொடுத்தார், அண்டை வீட்டார் ஆளுக்கொரு புட்டி ராக்கியாச் சாராயம் கொடுத்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர்கூடச் சில நாள் இறங்காது. என்னிடம் அதைச் சொன்னால் என்ன, சொல்லமாட்டார். நான் சுடுகிற சீஸ் பலகாரமெல்லாம் நாய்க்குப் போனது, நாய் கொழுத்தது, இவர் இளைத்தார், நான் என் கைப்பக்குவம்தான் போய்விட்டதென்று நினைத்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். நவம்பரில் நம் வீட்டுக் காவல் புனிதரின் நாள் விருந்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, வீட்டுக்காரர் நாள் முழுக்க நின்றே பரிமாற வேண்டும் அல்லவா, நின்றுகொண்டே இரண்டு வாய் விழுங்கித் தப்பித்துவிட்டார்.

டிசம்பரில் ஒப்ராத் மாமா வீட்டுப் புனிதர் நிக்கோலாவின் விருந்தில்தான் மாட்டிக்கொண்டார். எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர், உன்னை ஞானஸ்நானத்தில் ஏந்தியவர், அவர் வீட்டு மேஜையில் உன் அப்பா ஒரு வாய் மீனும் ரொட்டியும் போட்டுக்கொண்டு சட்டென்று எழுந்து நின்றார். மாமா உட்காரச் சொன்னார், இவர் உட்காரவில்லை. மறுபடியும் சொன்னார். வீட்டுக்காரன் நிற்கிற இடத்தில் விருந்தாளி நின்றால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். "திஹோமிர், இந்த வீட்டுக்கு எஜமான் நானா, நீயா? என் கைச் சோறு உட்கார்ந்து சாப்பிடற அளவுக்கு உசத்தி இல்லையா?" என்று மாமா எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். உன் அப்பாவுக்கு அடைத்துக்கொண்டிருந்தது, பேச்சு வரவில்லை, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எல்லோரும் திமிர் என்றார்கள். பின்னாலேயே ஓடினேன், வேலியைப் பிடித்துக் குனிந்து நின்றார், தின்ற மீனும் ரொட்டியும் தின்றபடியே வெளியே வந்துகொண்டிருந்தது. புற்றுநோய்தான் என்று முடிவே கட்டிவிட்டேன் மகளே.

மறுநாளே பெல்கிரேடுக்கு இழுத்துக்கொண்டு போனேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள், கட்டி எதுவும் இல்லை, அங்கேயே அழுதுவிட்டேன். ஆனால் அடைப்பு ஏன் என்று தெரியவில்லை. ஸோரானா என்று ஒரு பெண் டாக்டர், எப்படி இருந்தால் சாப்பாடு கொஞ்சமாவது இறங்குகிறது என்று கேட்டாள். இவர் தரையைப் பார்த்தார், "நின்னா இறங்கும்மா, அதுக்குத்தான் இவ்வளவு ரகளை" என்றேன் நான். அவள் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒன்றைக் குடிக்க வைத்துப் படம் எடுத்தாள், உணவுக்குழாய் மேலே பை போல வீங்கி, கீழே குருவி மூக்கு போலக் கூம்பியிருந்தது. பிறகு மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு மடக்கு மடக்காகத் தண்ணீர் விழுங்கச் சொல்லி அழுத்தம் அளந்தார்கள். வயிற்றின் வாசலில் இருக்கிற தசை திறக்க மறந்துவிட்டதாம், குழாய்க்கும் உணவைத் தள்ளுகிற தெம்பு இல்லையாம், அக்கலேசியா என்று பெயர். பலூன் வைத்தும் விரிக்கலாம், அந்தத் தசையை வெட்டியும் விடலாம் என்றாள். போன தெம்பு திரும்பாது, ஆனால் வாசல் திறந்தால் சாப்பாடு தன் பாரத்திலேயே இறங்கும் என்றாள். வெட்டச் சம்மதித்தார், மார்ச்சில் சின்னச் சின்னத் துளை போட்டே முடித்துவிட்டார்கள். இப்போது மென்று, மெதுவாக, எல்லாம் சாப்பிடுகிறார். புளிப்பு ஏறாமலிருக்க மாத்திரை உண்டு, கட்டிலின் தலைப்பக்கம் உயர்ந்திருக்கச் செங்கல் வைத்திருக்கிறோம்.

தொண்டை திறந்ததே தவிர வாய் திறக்கவில்லை. மாமாவிடம் விஷயத்தைச் சொல்லுங்கள் என்றால், "நோயைக் காட்டி மன்னிப்பு வாங்கணுமா?" என்பார். மாமாவோடு சீட்டாடாமல் எந்த ஞாயிறும் இவருக்கு விடிந்ததில்லை, இப்போது சீட்டுக்கட்டைத் தனியாகக் கலைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் மாமாவிடம் வாயைத் திறக்கவில்லை, அவர் பெண்டாட்டி மிலுங்காவிடம் மட்டும் சொன்னேன், ஊருக்கே சொன்ன மாதிரிதான். இருந்தும் மாமா வரவில்லை. அவருக்கும் வெட்கம். புனிதர் விருந்துக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, வருகிறவன் தானாக வரவேண்டும், அப்புறம் எப்படி இரண்டு எருமைகளும் சந்திப்பது?

போன வாரம் சின்ன நிக்கோலா, மாமா வீட்டுப் புனிதருக்கு மே மாதத்தில் வருகிற இரண்டாவது விருந்து. காலையில் பார்த்தால் உன் அப்பா கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார், "வர்றியா, இல்ல நான் மட்டும் போகட்டுமா" என்கிறார். போனோம். மாமா கதவைத் திறந்தார், வருகிறவர்கள் முதலில் வாயில் போடுகிற கோதுமைப் படையலை நீட்டினார். இவர் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தார். மாமா மதுக்குடுவையோடு இவர் முதுகுக்குப் பின்னால் நின்றார். உன் அப்பா ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டார், எல்லோர் கண்ணும் இவர் தொண்டைக்குழியில், பாதிரியார் கண்கூட. மென்றார், மென்றார், விழுங்கினார். எழுந்திருக்கவில்லை. அடுத்த துண்டைப் பிட்டார்.

மாமா குடுவையை மேஜையில் வைத்தார். ஒரு நாற்காலியை இழுத்து உன் அப்பா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தே விட்டார். "வீட்டுக்காரன் உட்காரலாமா, புனிதருக்கு அடுக்குமா?" என்று மிலுங்கா பதறினாள். மாமாவுக்குக் கண் கலங்கியிருந்தது. "நீ பரிமாறுடி, புனிதர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்று சொல்லி, உன் அப்பா பிட்ட ரொட்டியில் மீதிப் பாதியை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

உங்கள் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்கட்டும் என் கண்ணே. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. மாமாவுக்கு மறக்காமல் ஒரு போன் போடு, நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே.

இப்படிக்கு,
நிம்மதியாக இருக்கிற உன் அம்மா
ருஜிட்சா