லெம்னேனா வீட்டு வேலி

மதிப்புக்குரிய என் கணவர் சிதாத்தி அவர்களுக்கு,

தெஸ்லெமின் சலாம். நுவாதிபூ துறைமுகத்தின் கடற்காற்று உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ள அல்லாஹ்விடம் கேட்கிறேன். இங்கே நானும் குழந்தையும் நலம். வீடு நலமில்லை.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு ஓடையில் தண்ணீர் வந்தது. ஒரே ஒரு பகல்தான். ஆனாலும் கிணறு நான்கு முழம் ஏறியிருக்கிறது. பேரீச்சங்குலைகள் பழுக்கத் தொடங்கி மஞ்சளாகிவிட்டன.

நீங்கள் புறப்படும் முன் உங்கள் பழைய மனைவி லெம்னேனாவின் வீட்டுக்குக் கிழக்கே, மணல்மேட்டின் மேல், மணலைத் தடுக்கப் பேரீச்சை மட்டைகளால் இரண்டு வரிசை வேலி போட்டீர்கள். பதினோரு நாள் வேலை. அடுத்த வீடான நமக்கு ஒரு மட்டைகூட இல்லை. தலாக் சொல்லி ஆறு வருடமான பிறகும் அவளுக்கு வேலி என்றால் எனக்கு வயிறு எரியாதா? அவள் வேறு தேநீர் ஊற்றிக்கொண்டே, "இந்த வருஷம் எங்க பக்கம் மணலே வரல தெஸ்லெம்" என்பாள். மூன்று கோப்பை குடித்துவிட்டு எழுவதுதான் மரியாதை என்றாலும், மூன்றாவது கோப்பைக்கு இருக்காமல் எழுந்து வந்துவிடுவேன்.

மறைக்காமல் எழுதுகிறேன். போன மாதம் அவள் தன் அண்ணனின் கூடாரத்துக்கு ஒரு வாரம் போனாள். நான் அந்த வேலியைப் பிடுங்கி, அத்தனை மட்டையையும் நம் சுவரை ஒட்டி நெருக்கமாக நட்டேன். கை கிழிந்தது, மனம் குளிர்ந்தது. அவள் திரும்பிய அன்றே கிழக்குக் காற்று கிளம்பி மூன்று நாள் விடாமல் அடித்தது. நான்காம் நாள் காலை நம் கதவு திறக்கவில்லை. குழந்தையோடு உள்ளே மாட்டிக்கொண்டேன்.

மண்வெட்டியோடு வந்து தோண்டியவள் அவள்தான். பாதி புதைந்திருந்த தன் ஆட்டுப் பட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். "அடி பைத்தியமே, வேலி எங்க இருக்கோ அங்கதான் மணல் உக்காரும். சுவரை ஒட்டியா நடுவாங்க? காத்து என் வீட்டைத் தாண்டித்தான் உன் வீட்டுக்கு வருது. உனக்காகத்தான் அவரு அங்க போட்டாரு. என்கிட்ட சொல்லிட்டுத்தானே போனாரு" என்றாள்.

வெட்கத்தில் தலை நிமிரவில்லை. ஆனால் அந்தக் கடைசி வார்த்தை இன்னும் குத்துகிறது. எனக்காகப் போட்ட வேலியை ஏன் அவளிடம் சொன்னீர்கள்? என்னிடம் ஏன் சொல்லவில்லை? வேலி அவளுக்கென்றே இருந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

இப்போது இருவரும் பழைய இடத்தில் மட்டை நடுகிறோம். அவள் உங்கள் பேச்சை எடுத்தால் நான் அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறேன். பேரீச்சை அறுப்புக்கு நீங்கள் வருகிறீர்களாம். அதையும் அவள்தான் சொன்னாள்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவரட்டும். வண்டியை விட்டு இறங்கியதும் வேலியைப் பார்க்கப் போக வேண்டாம். முதலில் நம் வாசலுக்கு வாருங்கள். மணலைத் தள்ளி வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் தெஸ்லெம்