வியாழக்கிழமை நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போதே டிரைவர் தங்கவேல் ஆரம்பித்துவிட்டான். "மேடம், டேஷ்போர்டுல மஞ்ச லைட்டு எரியுது. மெக்கானிக்காண்ட ஒரு தபா காட்டிடலாம்." வண்டி வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. "மெக்கானிக் உனக்கு எவ்வளவு கமிஷன் தர்றான்?" என்று கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது. முப்பத்துமூன்று வருடம் வேதியியல் நடத்தியவள், தேர்வறையில் பிட் பிடித்தே பெயர் வாங்கியவள். என்னிடமா?

ஜூன் 5, வியாழன்

விளக்கு அணைந்துவிட்டது! ஒரு அதட்டல் போட்டேன், ரிப்பேர் தானாகச் சரியாகிவிட்டது. இந்தச் சுலோச்சனாவைப் பற்றி இவனுக்கு இன்னும் தெரியவில்லை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. அடையாறில் முட்டிக்கு பிசியோதெரபி முடித்து வெளியே வந்தேன். ஒன்றரை மணி நேரமாக வேப்பமர நிழலில் நின்ற வண்டி. ஏறும்போது நிலை தடுமாறி பானெட்டில் கை வைத்தேன், தோசைக்கல்லாகச் சுட்டது. நிழலில் நின்ற வண்டி எப்படிச் சுடும்?

ஜூன் 12, வியாழன்

இன்றும் அதே சூடு. எஞ்சினை நிறுத்தியும் உள்ளே காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. லேசாகக் கருகல் வாடை. "எங்கேயாவது போயிருந்தியா?"

"இங்கதான் மேடம் நின்னுக்கினு இருந்தேன்." என் கண்ணைப் பார்க்காமல் சொன்னான்.

பிசியோவுக்கு உள்ளே போகும்போதே மீட்டரைக் குறித்து வைத்திருந்தேன். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் கூடியிருக்கிறது. பச்சைப் பொய்.

ஜூன் 14, சனி

கோட்டூர்புரம் ஆற்றோரம் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றியபோது தங்கவேல் குடும்பமும் போனது. அடையாறிலிருந்து அங்கே போய் வர ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். மனைவி தேவானையைப் பார்க்கப் போகிறானா? இல்லை, என் பெட்ரோலில் சவாரி ஏற்றுகிறானா? சவாரிதான். வேறென்ன?

ஒன்பது வருடமாக நம் வீட்டில் இருப்பவன். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜூன் 19, வியாழன்

பழைய கைப்பையில் ஒரு சாக்பீஸ் கிடைத்தது. பிசியோ வாசலில் அவன் டீ குடிக்கப் போனதும், முன் டயரின் பக்கவாட்டிலிருந்து தரைக்கு நேராக ஒரு கோடு இழுத்தேன். திரும்பி வந்து பார்த்தால் தரையில் கோடு ஒரு முழம் தள்ளி இருக்கிறது, டயர் கோடு உச்சியில் நிற்கிறது.

ஒன்றும் கேட்கவில்லை. வீட்டு வாசலில் சாவியை வாங்கிக்கொண்டு, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றேன். கேட்டைத் தாண்டப் போனவன் திரும்பி, "வண்டிய இங்கயே மார்க்கெட்டு, கோயிலுன்னு சுத்த விடாதீங்க மேடம்" என்றான். திமிரைப் பார். என் வண்டியை நான் எங்கே ஓட்ட வேண்டும் என்று இவன் சொல்கிறான்.

ஜூன் 20, வெள்ளி

பழக்கத்தில் தங்கவேலுக்கும் சேர்த்து இரண்டு டம்ளர் காபி கலந்துவிட்டேன். ஒன்றைக் கொட்டினேன்.

ஜூலை 11, வெள்ளி

இப்போது ஏஜென்சி டிரைவர்தான் ஓட்டுகிறான். லஸ் முனையில் வண்டி இழுக்கவே இல்லை. மஞ்சள் விளக்கு மறுபடி எரிகிறது. கம்பெனி சர்வீஸில் அடுத்த வாரம்தான் வரச் சொன்னார்கள். வண்டியில் ஷோயப் என்று ஒரு கார்டு கிடந்தது, சிந்தாதிரிப்பேட்டை விலாசம். கமிஷன் மெக்கானிக் இவன்தான் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

ஷோயப் ஏதோ கருவியை மாட்டிப் பார்த்தார். "மேடம், இந்த பெட்ரோல் வண்டில சைலன்சர் லைன்ல ஒரு ஃபில்டர் கீது. புகைல வர்ற கரியப் புடிச்சு வெச்சுக்கும். ரெண்டு கிலோமீட்டரு, மூணு கிலோமீட்டருன்னு ஓட்டினா சூடு ஏறாது, கரி தங்கிடும். நிக்காம நல்லா ஓட்டினா அந்தச் சூட்டுலயே எரிஞ்சு போய்டும். தங்கவேல் அண்ணன் கைல ஜூன்லயே சொன்னேனே. வியாழக்கிழம வியாழக்கிழம ஓட்டி எரிச்சிடறேன்னாரு. அண்ணன் எங்க?"

எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டேன். "கழட்டவே இல்லியே மேடம், எனக்கு இன்னாத்துக்கு?"

கரி எரிந்தால் என்னவாகும் என்று கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதிப் போட்டிருக்கிறேன்.

ஜூலை 12, சனி

மூன்று முறை தங்கவேலின் போன் எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் கூப்பிட்டேன். "என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னேனே மேடம். கமிஷன்னீங்க." தொடர்ந்து, "டயர்ல கோடு போட்டதையும் பாத்தேன்."

"பார்த்துட்டுமா வண்டியை எடுத்தீங்க?"

"அன்னிக்கு லைட்டு திரும்ப எரிஞ்சிக்கினு இருந்திச்சு. விட்டா அடைச்சிக்கும்."

மன்னிப்புகூட ஒழுங்காகக் கேட்கவில்லை. திரும்பி வருகிறீர்களா என்று மட்டும் கேட்டேன். பெரும்பாக்கத்தில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறாராம். "வேணாம் மேடம். இங்க யாரும் கோடு போடறதில்ல." கோபமாகச் சொல்லவில்லை. அப்புறம் அவரே பொறுமையாக, ஒவ்வொன்றாக, வண்டியை எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். எழுதிக்கொண்டேன்.

ஜூலை 17, வியாழன்

பிசியோவுக்குப் போகவில்லை. ஏஜென்சி டிரைவரை கடற்கரையோர ஈசிஆர் சாலைக்கு விடச் சொன்னேன். எழுபதில் பிடித்து இருபது நிமிடம், நடுநடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். எழுதி வைத்த சீட்டைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். முட்டுக்காடு தாண்டியதும் விளக்கு அணைந்தது.

"மேடம், நீங்க இன்ஜினீயரா?"

"இல்லப்பா. எங்க டிரைவர் சொன்னார்."

வீட்டில் இறங்கியதும் பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன். அதே சூடு. கையை எடுக்கத் தோன்றவில்லை.