இரண்டு மாப்பிள்ளைக்கு இரண்டு தலைப்பாகை

லண்டன், நவம்பர் 2005

அன்புள்ள அம்மா, நான் மாப்பிள்ளைத் தோழன் ஆகப்போறன், அதுவும் ஒரே கலியாணத்தில இரண்டு மாப்பிள்ளைக்கு!

உங்கடை முழங்கால் நோ எப்பிடி? நான் நல்ல சுகம். பக்கத்து அறை யோகராஜா அண்ணையும் டேவிட்டும் கன வருசமா ஒருத்தரை ஒருத்தர் விரும்பிச் சேர்ந்து இருக்கினம். வாற மாசத்திலயிருந்து ஆணும் ஆணும் இஞ்ச சட்டப்படி சோடியாப் பதியலாம், அவையும் பதியப்போகினம். ஆனால் சட்டத்தில 'கலியாணம்' எண்டு எழுதேல்லை. எழுதத்தான் வேணுமெண்டு நான் இன்ரநெற்றில ஒவ்வொரு நாளும் சண்டை பிடிக்கிறன்.

நேற்று நானும் அண்ணையும் மனோர் பார்க்கில ஒரு தமிழ்க் கடைக்குத் தலைப்பாகை வாங்கப் போனம்.

"மாப்பிள்ளை ஒராள்தானே, ஏன் தம்பி இரண்டு?" எண்டு கடைக்காரர் கேட்டார்.

"இரண்டு பேரும் மாப்பிள்ளைதான் ஐயா" எண்டார் அண்ணை.

கடைக்காரர் அளவு நாடாவை எடுத்தார். பிறகு, "அப்ப மற்ற மாப்பிள்ளையின்ரை தலை அளவென்ன?" எண்டார்!

மிளகாய்த்தூள் முடிஞ்சுது, ஆரும் வந்தால் குடுத்துவிடுங்கோ. இன்னுமொண்டு. அண்ணையின்ரை அம்மா அவரோட கதைக்கிறதில்லை. அவரின்ரை பக்கத்தில இருந்து கலியாணத்துக்கு ஒருத்தரும் வரமாட்டினம். கலியாணத்தண்டு காலமை போன் எடுப்பன். பக்கத்து வீட்டு லோஜினி அக்காவையும் கூப்பிட்டு வைச்சு, அண்ணைக்கு ஒரு வாழ்த்துச் சொல்லுங்கோ. ஒரு அம்மா சொன்னால் அவருக்கு அதுவே காணும்.

ஷிப்டுக்கு ஓடுறன். சொல்லுவீங்கள்தானே? கெதியாப் பதில் போடுங்கோ.

மகன் ஆரணன்