பைக்குள் நடந்த கூட்டம்

ஞாயிறு, காலை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். முழங்கால் தன் வயதுக்கு ஏற்றபடி நடந்துகொள்கிறது. நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். சில வாரங்களாக நீ ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்புக்கு வரவில்லை. வேலை அதிகம் என்று ஒரு வரி மட்டும் கைப்பேசியில் வந்தது. அந்த வரிக்கு முற்றுப்புள்ளிகூட இல்லை.

முதலில் ஒரு திருத்தம். கைப்பேசிகளைப் பையில் போட்டுக்கொண்டு கால்வாய்ப் பாலத்தில் நடந்தவள் நான் அல்ல. உன் அத்தை ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "மகன் செஞ்ச மெஷின்ல ஓட்டை எங்கன்னு தாய்க்குத் தெரியாமலா இருக்கும், அண்ணி" என்று என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நான் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். உன் அலுவலகம் வரைக்கும் பேச்சு போய்விட்டது, வழி சொல்லிக்கொடுத்தது நீதான் என்று உன் மேலதிகாரி சந்தேகப்படுகிறார் என்பதையும் அவளே சொன்னாள். அவள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி உனக்குக் கெடுதல். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

உன் வேலையைப் பற்றி எனக்கு மதிப்பில்லை என்று நினைத்துவிடாதே. இந்த நகரத்தைத் தெரு, மரம், சாக்கடை ஒன்று விடாமல் கணினிக்குள் அப்படியே இன்னொரு முறை கட்டியிருக்கிறீர்கள். இங்கே எல்லோரும் அதை நகல் நகரம் என்கிறார்கள். எந்த மழைக்கு எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று அந்த நகலில் முன்கூட்டியே பார்த்து, நம் தெரு வடிகாலை அகலப்படுத்தினார்கள். இந்த மழைக்காலத்தில் என் வாசலில் ஒரு சொட்டு நிற்கவில்லை. மருந்துக்கடைக்காரர் ஆச்சரியப்பட்டபோது, அது என் மகன் செய்த வேலை என்று சொன்னேன். அவருக்குக் காது கேட்டிருக்காதோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

இப்போது பாலத்துக்கு வருகிறேன்.

நானும் இந்தத் தெருப் பெண்கள் நால்வரும் மாலையில் நடக்கப்போவது உனக்குத் தெரியும். புறப்படுமுன் எல்லோருடைய கைப்பேசியையும் வக்கீலம்மா வீட்டுப் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிடுவோம். (அவள் வக்கீல் அல்ல. எதற்கும் எதிர்வாதம் செய்வதால் வந்த பெயர்.) அந்த விதியைப் போட்டவள் நான். ஒருநாள் ஐந்து பேரும் சேர்ந்து நடந்தோம். ஆனால் ஒருத்தி மருமகளிடமும், ஒருத்தி வங்கியிடமும், ஒருத்தி பேரனிடமும் பேசிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இருப்பவளிடம் யாரும் பேசவில்லை. மறுநாளே டப்பா வந்துவிட்டது. பாலத்தைத் தாண்டியதும் மற்ற நால்வரும் கடைத்தெருப் பக்கம் திரும்புவார்கள். நான் பென்சில் வீட்டுக்குப் போவேன்.

பென்சிலை நீ மறந்திருக்க மாட்டாய். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்தவள், ஒல்லியாய் உயரமாய். உனக்குச் சைக்கிள் பழக்கியவள் அவள்தான், நான் அல்ல. பக்கவாதம் வந்ததிலிருந்து வலப்பக்கம் அசைவதில்லை. பேச்சு மெதுவாக வருகிறது, ஆனால் நாக்கின் கூர்மை போகவில்லை. தினமும் அவளுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவேன். நான் வாசிக்கும் உச்சரிப்பைக் கேட்டு அவள் சிரிப்பாள். அதற்காகவே சில சொற்களை வேண்டுமென்றே அழுத்திச் சொல்வேன்.

இந்த நிலையில்தான் அறிவிப்புப் பலகை வந்தது. நகல் நகரத்தின் கணக்குப்படி அந்த நடைபாலத்தை யாரும் பயன்படுத்துவதில்லை. ஆகவே அதை எடுத்துவிட்டுக் கால்வாய்க் கரையைப் பூங்காவாக்கப்போகிறார்கள் என்று. யாரும் என்ற சொல்லை நான் நின்று இரண்டு தரம் படித்தேன். பலகையைப் படித்த இடம் பாலத்தின் நடுப்பகுதி.

மனிதர்களின் கைப்பேசி நகர்வதை வைத்துத்தான் நகல் எண்ணுகிறது என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. அதுவும் நீ சொல்லி அல்ல, பலகையின் கீழே பொடி எழுத்தில் இருந்தது. எங்கள் கைப்பேசிகள் டப்பாவுக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. அதனால் நகலைப் பொறுத்தவரை நாங்கள் ஐந்து பேரும் தினமும் மாலையில் வக்கீலம்மா வீட்டு அலமாரியில் அடுக்கடுக்காக உட்கார்ந்திருந்தோம்.

நான் முறைப்படி ஆட்சேபம் எழுதி அனுப்பலாம் என்றேன். வக்கீலம்மாவுக்குப் பொறுமை இல்லை. "உங்க ஆட்சேபத்தைப் படிக்கிறதுக்குள்ள பாலம் பழைய இரும்புக் கடைக்குப் போயிரும்க்கா" என்றாள். எனக்குத் தெரியாமல், வேண்டியவர்களிடமெல்லாம் கைப்பேசியைக் கடன் வாங்கினாள். பதினான்கு. அத்தனையையும் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு, முழங்கால் வீங்கும்வரை பாலத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்திருக்கிறாள்.

அதன் விளைவை நீ உன் திரையில் பார்த்திருப்பாய். பாலத்தைப் பற்றிப் பேசத் தெருக்காரர்களைக் கூட்டிய கூட்டத்தில் மாநகராட்சிப் பொறியாளர் அதைப் பெரிதாகப் போட்டுக் காட்டினாள். பதினான்கு புள்ளிகள் ஒரே மூச்சில் நடக்கின்றன, ஒரே இடத்தில் நிற்கின்றன, ஒரே நொடியில் திரும்புகின்றன. பட்டாளம்கூட அவ்வளவு ஒழுங்காக நடக்காது. ஆனால் உங்கள் இயந்திரத்துக்குச் சிரிக்கத் தெரியாது அல்லவா? பழைய பாலத்தில் ஒரு கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு அணிவகுத்துப் போகிறது, பாலம் தாங்காது, ஆபத்து என்று அது எச்சரித்துவிட்டது. மறுநாள் காலை பாலத்தின் இரண்டு முனையிலும் தகரத் தடுப்பு. யாரும் போகாத பாலம் என்று ஒரு வாரம், எல்லோரும் போகும் பாலம் என்று மறு வாரம். இரண்டுக்கும் தண்டனை ஒன்றுதான்.

கூட்டத்தில் வக்கீலம்மா எழுந்து நின்று, "செஞ்சது நான்தான்" என்று ஒப்புக்கொண்டாள். அவளை நான் அதற்காக மதிக்கிறேன். ஆனால் யாரும் நம்பவில்லை. எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். நகலைச் செய்தவனின் அம்மா நான்தானே. நான் எழுந்து இரண்டு விஷயம் சொன்னேன். அந்தப் பை என்னுடையது அல்ல. என் மகன் தன் வேலையைப் பற்றி என்னிடம் எதுவும் சொன்னதில்லை. இரண்டாவதைச் சொல்லும்போது குரல் சற்றுத் தாழ்ந்துவிட்டது. அதைக் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள் போலும்.

பொறியாளர் சின்னப் பெண், மரியாதையானவள். "நீங்க போனைக் கையில எடுத்துட்டுப் போயிருந்தா இவ்ளோ வம்பே இல்லியேம்மா" என்றாள். நான் நடந்தது பாலத்துக்குத் தெரியும், போதாதா என்று கேட்டேன். சிரித்தாள். பையில் வந்த கணக்கைத் தள்ளிவிட்டார்களாம். அப்படியென்றால் பழைய கணக்கு, அதாவது யாருமில்லை. மாத முடிவில் தீர்மானம். நகலின் பொறுப்பாளர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால் மட்டும், தடுப்பைத் திறந்துவிட்டுப் பாலத்தை நேரில் பார்த்து மறுபடி எண்ணுவார்களாம். பொறுப்பாளர் யார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வருகை எடுத்த சிஸ்டர், பெயரைக் கூப்பிட்டால் குரல் கொடுக்க வேண்டும். பென்சில் அப்போது வாயே திறக்க மாட்டாள். அவள் பெயர் வரும்போது சிஸ்டர் தலையைத் தூக்கி எங்கள் பெஞ்சைப் பார்ப்பார், பிறகுதான் குறிப்பார். வராத பெண்ணுக்காக யாராவது குரல் கொடுத்தாலும் அதே கண் நிமிர்ந்து பார்க்கும். குரல் கொடுத்தவள் அன்றைக்கு முழுக்க வெளியே நிற்க வேண்டியதுதான். நீ செய்த நகலில் குறை என்று நான் சொல்ல மாட்டேன். தலையைத் தூக்கிப் பார்க்கும் ஒருவர் அதில் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது பென்சில் வீட்டுக்குப் பெரிய சாலையைச் சுற்றிப் போக வேண்டும். பச்சை விளக்கு நான் பாதிச் சாலையில் இருக்கும்போதே கண் சிமிட்டத் தொடங்குகிறது. ஒருநாள் போய்ப் பார்த்தேன். மறுநாள் பேருந்து ஓட்டுநர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார், பக்தியால் அல்ல. அதன்பிறகு போகவில்லை.

அதனால் நீ எனக்கு அனுப்பிய, கண்ணில் மாட்டினால் கணினிக்குள் இருக்கும் இடத்தைக் காட்டும் கண்ணாடியை நினைத்துக்கொண்டேன். நீயும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்திப்பதற்கென்று தந்தாயே, அதே போல ஒன்றைப் பென்சிலின் மருமகள் வாடகைக்கு எடுத்துவந்தாள். போன வாரம் நாங்கள் இரண்டு கிழவிகளும் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே அதை மாட்டிக்கொண்டு உன் நகல் நகரத்துக்குள் போனோம். இனி கட்டப்போகும் கால்வாய்ப் பூங்காவைக் காட்டுகிறார்கள், பொதுமக்கள் சுற்றிப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

ஒளிக்காமல் சொல்கிறேன், அழகாக இருந்தது. மரங்கள் எல்லாம் ஒரே உயரம் என்பதைத் தவிர எனக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அங்கே பென்சில் நடந்தாள். இடக்கை விரலால் எதையோ அழுத்தினால் கால் நடக்கிறது. அவளைப் போலவே ஒல்லியாய் உயரமாய் ஓர் உருவம், முதுகு நிமிர்ந்து, விறுவிறு என்று. "வாடி ஆமை, எப்பவும் நான்தான் உனக்காக நிக்கணுமா" என்று திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டாள். பக்கவாதத்துக்கு அப்புறம் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. இதைச் செய்த கூட்டத்தில் என் பிள்ளையும் ஒருவன் என்று நினைத்தேன். கண்ணாடிக்குள் கண்ணைத் துடைக்க முடியாது என்பதை அப்போது தெரிந்துகொண்டேன்.

ஆனால் அவள் வேகமாகப் போனாளே, எங்கே போனாள் தெரியுமா? மரத்தையும் பார்க்கவில்லை, நீரூற்றையும் பார்க்கவில்லை. நேராகக் கரையோரமாகப் போய் ஓரிடத்தில் நின்றாள். அங்கே புல்தரைதான் இருந்தது. இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள், "பாலம் எங்கடி? இத்தனை நாள் நீதானே வந்தே. கால் வந்ததும் முதல்ல உன் வீட்டுக்கு வரலாம்னு பாத்தேன். வழியைக் காணோமே."

முழங்கால் வலிக்கிறது என்று பொய் சொல்லிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். அன்றிலிருந்து அவளும் போட மறுக்கிறாளாம். சாப்பாடும் குறைந்துவிட்டது என்று மருமகள் தொலைபேசியில் சொன்னாள்.

இதைக் கேட்டு அம்மா சிபாரிசுக்கு வந்துவிட்டாள் என்று எண்ணாதே. பாலத்தைக் காப்பாற்று என்று நான் கேட்கவில்லை. உன் வேலையில் உன் அப்பாவே தலையிட்டிருக்க மாட்டார். நேரில் பார்த்து எண்ணச் சொல், அதைத்தான் கேட்கிறேன். எண்ணிப் பார்த்து, இத்தனை பேருக்காக ஒரு பாலம் தேவையில்லை என்று முடிவானால், தகரத்தை நான் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்வேன். நான் அங்கே இல்லவே இல்லை என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். தேவைப்பட்டால் கைப்பேசியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நடக்கவும் தயார். மாட்டுக்கு மணி கட்டியதுபோல் இருக்கும், பரவாயில்லை.

எண்ண வருகிறவன் நீயாக இருந்தால் இன்னும் நல்லது. தடுப்புக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டுத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடிக்குள் வரும் உன் உருவத்துக்கு நாலு வருஷமாக ஒரே சட்டை, ஒரே தலைமயிர், களைப்பே கிடையாது. நன்றாகத்தான் இருக்கிறான். அவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்கும்போதெல்லாம், யாரைக் கேட்கிறோம் என்று எனக்கே ஒரு தயக்கம் வருகிறது.

உன் அப்பாவின் மேஜையைத் துடைத்து வைத்திருக்கிறேன். உன் அறையில் மின்விசிறி சத்தம் போட்டது, சரி செய்தாகிவிட்டது. நீ நிமிர்ந்து நடக்க வேண்டும், உன்னைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லக்கூடாது, உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது. இந்த மூன்றைத்தான் நான் காலையில் கண்மூடிக் கேட்பது. பாலம் அதில் இல்லை.

இதற்குக் கண்ணாடிக்குள் வந்து பதில் சொல்லாதே. குரலை அனுப்பாதே. ஆட்சேபம் தெரிவித்தாயா இல்லையா, வருகிறாயா இல்லையா, இரண்டுக்கும் மாதம் முடிவதற்குள் காகிதத்தில் உன் கையால் பதில் எழுது.

உன் நன்மையையே நினைக்கும்,
அம்மா