சுவருக்கு அப்பால் ஒரு மௌனம்

ஞாயிறு

தேர்தல் நாளன்று பூத் வாசலில் ஆளுக்கொரு கட்சித் துண்டோடு நின்றதிலிருந்து அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

இன்று மாலை கிரிக்கெட். எங்கள் டிவி பழுது, அதனால் நானும் அப்பாவும் என் போனில் பார்த்தோம். போனில் எல்லாம் அரை நிமிடம் தாமதம். ஒவ்வொரு சிக்ஸரும் முதலில் சித்தப்பாவின் கத்தலாகத்தான் எங்களுக்கு வந்தது; எங்கள் கத்தல் அரை நிமிடம் கழித்துத்தான் அவருக்குக் கேட்டிருக்கும்.

"வேணும்னே கத்துறான் பாரு" என்று அப்பா பல்லைக் கடித்தார்.

கடைசிப் பந்தில் நான்கு ரன் வேண்டும். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"போச்சுடி. ஜெயிச்சிருந்தா இந்நேரம் கத்தியிருப்பான்."

அப்பா எழப்போனார். போனில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. அப்பா போட்ட கூச்சலில் தெருநாய் குரைத்தது. அதற்குப் பிறகுதான் சித்தப்பாவின் கத்தல் கேட்டது.

அண்ணன் தானே பார்க்கட்டும் என்று அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார், அந்த மனுஷன்! அப்பாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிடும்போது தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "அடுத்த மேட்ச் என்னிக்குடி? அவன் வூட்டு டிவி கொஞ்சம் பெருசு, இல்ல?"