நாலு கம்பியும் ஒன்றுபோல

இன்று மத்தியானம் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் தந்திக் கருவி பழுதாகிவிட்டது. விருதுநகரிலிருந்து வந்த ஆள் ஈயத்தை உருக்கிக் கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்துப் பார்சல் அறையில் பூக்கூடைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவு பிச்சிப்பூ மணத்தையும் தாண்டி உம் கடையில் எப்போதும் இருக்கும் அதே ஈயப் புகை என் மூக்கில் ஏறியது. உடனே எனக்குத் துக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நீர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னமும் உம்மை நினைத்தால் முதலில் வருவது அதுதான். எழுதித் தீர்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். தீருமா என்று தெரியவில்லை.

உம்முடைய ரேடியோ ரிப்பேர் கடை ரத வீதி முக்கில் இருந்தது. பர்மா சண்டையில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் நீர். கல்யாணமோ கோவில் கொடையோ கட்சிக் கூட்டமோ, சங்கரன்கோவிலைச் சுற்றி எது நடந்தாலும் உம்முடைய ஒலிபெருக்கிக் குழாய்தான் மரத்தில் ஏறும். நான் எங்கள் சபையின் பாடகர் குழுவில் பாஸ் வாசிப்பவன். முன்பிருந்த மிஷனரி துரை சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன வாத்தியம் அது. ஆள் உயரப் பிடில், நாலு கம்பி, அடிவயிற்றிலிருந்து வரும் குரல். ஒரு மழைக்காலத்தில் கரையான் அதன் வயிற்றை அரித்துவிட்டது. தச்சர் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். தூக்கிப் போட மனசு வராமல் வண்டியில் ஏற்றி உம் கடைக்குக் கொண்டுவந்தேன்.

நீர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தீர்.

"வயிறுதானவே போச்சு? கழுத்து கல்லு மாதிரி இருக்குல்லா? கிராமபோன்ல முள்ளு சத்தத்தை எடுக்குற மாதிரி, கம்பியில இருந்தே சத்தத்தை எடுத்துக் குழாய்ல விட்டுருவோம்."

விளையாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் நீர் கழுத்தை அறுத்தெடுத்து ஒரு வேப்பம்பலகையில் பொருத்தி, மடியில் வைத்து வாசிக்கிற மாதிரி ஆக்கினீர். பழைய நரம்புகளைக் கழற்றிவிட்டு எஃகுக் கம்பி பூட்டினீர். கீழ்ச்சுருதிக் கம்பிக்கு மேலே இரும்பு இழை சுற்றித் தடிமனாக்கினீர். பட்டாளத்து ஹெட்போன்களை உடைத்துக் காந்தத்தையும் செப்புச் சுருளையும் எடுத்து, ஒரு சின்ன மரச்சட்டத்தில் வைத்து, கம்பிகளுக்கு அடியில் திருகினீர். அதற்குப் பிக்கப் என்று பேர் சொன்னீர். முதல்முறை நான் கம்பியைச் சுண்டியதும், குழாயிலிருந்து வந்த சத்தத்தில் எதிர்வரிசைத் தறிகள் நின்றுவிட்டன. பெண்கள் நெய்வதை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்கள். நீர் சிரித்த சிரிப்பு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அந்த ஒரு நாள் சந்தோஷத்துக்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை நாம் பாழாக்கினோம்! தடித்த கம்பி இடி மாதிரி முழங்கியது. மெல்லிய கம்பி மூக்கடைத்தவன் பேசுவது மாதிரி முனகியது. "தடிச்சதுல இரும்பு ஜாஸ்தி. காந்தத்துக்கு அதத்தான் நல்லாத் தெரியும்" என்று காரணம் சொன்னீர். காரணம் தெரிந்து என்ன செய்ய? பிக்கப்பின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு திருகு வைத்து, அடியில் சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டிக் கொடுத்தீர். தடித்த கம்பியின் பக்கத்தைத் தாழ்த்தினால் அது அடங்கும். மெல்லிய கம்பியின் பக்கத்தை உயர்த்தினால் அது எழும்பும். கொஞ்சம் அதிகமாக உயர்த்திவிட்டாலோ, காந்தம் கம்பியையே பிடித்து இழுத்து, சுருதி ஆட்டுக்குட்டி கத்துவது போல் நடுங்கும். பிறகு கம்பிக்கு ஒன்றாக நாலு சின்ன இரும்புத் திருகுகளை நட்டு, ஒவ்வொன்றையும் தனியாக ஏற்றி இறக்கினீர். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று முறைத்துக்கொண்டது.

அதைவிடப் பெரிய தொல்லை நீர்தான். திருப்புளியின் பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, நுனியை ஒலிபெருக்கியின் மரப்பெட்டியில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர். "வாசியும்" என்று கையால் காட்டுவீர். நான் நாலையும் வரிசையாகச் சுண்டுவேன். பிறகு பல்லிலிருந்து திருப்புளியை எடுத்துத் தடித்த கம்பியின் திருகை ஏற்றுவீர்.

"ஏன்வே ஏத்துதீரு? ஏற்கனவே அதுதான் கத்துது!"

"நீரு வாசிக்கிறவரு. உமக்குப் பக்கத்துல அப்படித்தான் இருக்கும். தள்ளி நின்னு கேட்டாத்தான் தெரியும். நாலும் இப்பத்தான் ஒண்ணுபோல இருக்கு."

தள்ளி நின்று கேட்டதாகச் சொன்ன நீர் பெட்டியில் பல்லை ஊன்றிக்கொண்டிருந்தீர். அதைச் சொன்னால் உமக்கு மூக்குமேல் கோபம். நான் இறக்குவேன், அடுத்த வாரம் வந்து பார்த்தால் ஏற்றி வைத்திருப்பீர். பட்டாளத்துக்காரன் பிடிவாதம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

அந்த வருஷம் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று உமக்குத் தெரியும். தை மாதம் எங்கள் மகன் போனான். மூன்று வயது. அதற்குப் பிறகு ஜெபமணி பாடவில்லை. சபையிலேயே நல்ல குரல் என் வீட்டுக்காரியுடையதுதான், ஆனால் கோவிலுக்கு வந்தால் பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஐப்பசியில் ஒரு நாள் அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

"ஸ்தோத்திரப் பண்டிகைக்கு நான் ஒரு பாட்டுப் படிக்கட்டுமா? நீங்க மட்டும் பக்கத்துல வாசிங்க. வேற ஆளு வேண்டாம்."

அன்றே உம்மிடம் ஓடிவந்து சொன்னேன். உம் கண் கலங்கியதைப் பார்த்தேன். "அந்தத் தாயி படிக்கிறதுக்கு நான் குழாய் கட்டுதேன்வே. கூலியப் பத்தி வாயத் தொறக்கப்படாது" என்றீர். எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீர் கெட்டவர் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை. அதனால்தான் இவ்வளவு ஆற்றாமை.

பண்டிகையன்று காலையில் பந்தலில் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். தடித்த கம்பி பந்தல்காலையே அதிரவைத்தது. "இறக்கும்" என்றேன். "ஜனம் நிறைஞ்சா சத்தம் உள்வாங்கிரும்" என்று சொல்லி நீர் இறக்கவில்லை. குருவிகுளம், இளையரசனேந்தல் பக்கத்துச் சபைகளெல்லாம் வந்திருந்தன. உட்கார இடமில்லை. ஜெபமணி வெள்ளைச் சேலையில் எழுந்து மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். முதல் அடி நன்றாக வந்தது. பத்து மாதத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டேன்.

இரண்டாம் அடியில் பாட்டு கீழே இறங்கியது. தடித்த கம்பியைத் தொட்டேன். அவள் குரலை அது அப்படியே விழுங்கிவிட்டது. பயந்துபோய்ச் சுண்டுவதை விட்டுவிட்டு விரல் நுனியால் தடவினேன். நீர் ஆம்ப்ளிஃபையர் பக்கத்திலிருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தீர். நான் மெதுவாக வாசிப்பதைப் பார்த்ததும், சத்தம் போதவில்லை என்று நினைத்து, குமிழைத் திருகிக் கூட்டினீர்! குழாய் உறுமியது. முன்வரிசையில் ஒரு கைப்பிள்ளை வீறிட்டு அழுதது. ஜெபமணி பாடுவதை நிறுத்தினாள். அந்தப் பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் வாத்தியத்தைப் போட்டுவிட்டு உம்மிடம் வந்தேன். என்ன பேசினேன் என்று மறக்கவேண்டும் என்று எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன்.

"காது அவிஞ்சு போச்சாவே உமக்கு? செவிட்டுப் பயலுக்கு எதுக்குவே ரேடியோக் கடை?"

அதைச் சபைப் போதகரான ஐயர் கேட்டார், சபையார் கேட்டார்கள், உமக்கு வேலை கொடுக்கிற பாதி ஊர் கேட்டது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர். பிறகு குனிந்து வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தீர்.

இரண்டு மாதம் நான் ரத வீதிப் பக்கம் வரவில்லை. ஒருநாள் உம் வீட்டு மதினியே ஸ்டேஷனுக்கு வந்து பார்சல் அறை வாசலில் நின்றார்கள்.

"அண்ணாச்சி, நீங்க சொன்னது வாஸ்தவந்தான். பர்மாவுல குண்டு வெடிச்சதுல அவுகளுக்கு ரெண்டு காதுலயும் சவ்வு கிழிஞ்சு போச்சு. மழைக்காலம் வந்தா சீழ் வடியும். பக்கத்துல நின்னு பேசுனா வாயப் பாத்துப் புரிஞ்சுக்கிடுவாக. பல்லுல இரும்பக் கடிச்சாத்தான் சத்தம்னு ஒண்ணு தெரியும். வெளிய தெரிஞ்சா எவன் ரேடியோ கொண்டாருவான்? ஒங்ககிட்ட மட்டுமாச்சும் சொல்லுங்கன்னு நானும் எத்தனையோ மட்டம் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"அவரு ஒருத்தருதான் எங்கிட்டச் சண்டை போடுதாரு. தெரிஞ்சா இரக்கப்பட ஆரம்பிச்சிருவாருன்னாக."

பூக்கூடைகளுக்கு நடுவில் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீர் கேட்டதெல்லாம் அந்த மரப்பெட்டியின் அதிர்வைத்தான். அந்தச் சின்னப் பெட்டி மெல்லிய கம்பிக்கு நன்றாக அதிரும், தடித்த கம்பிக்கு அவ்வளவாக அசையாது. அதனால்தான் வாராவாரம் தடித்த கம்பியை ஏற்றிவைத்தீர். உம் பல்லுக்கு நாலும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதாதா? நான் கேட்டுச் சொல்லியிருப்பேன், நீர் திருகியிருப்பீர். ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும் வேலை. ஜெபமணி பாடி முடித்திருப்பாள். நானும் அந்த வார்த்தையை வாயிலிருந்து விட்டிருக்கமாட்டேன். இதை நினைக்கும்போதெல்லாம் உம் தோளைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருக்கிறது. உலுக்கத் தோளும் இல்லாமல் போய்விட்டீர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உம் கடைக்கு வந்தேன். கடையில் ரிப்பேருக்கு வந்த ரேடியோ ஒன்றுகூட இல்லை. அதற்கு யார் காரணம் என்று இரண்டுபேருக்கும் தெரியும். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பைச் சொல்ல வாயெடுத்தேன்.

"அன்னைக்கு நான் பேசினது..."

"அந்தப் பேச்சை விடும். வாத்தியத்த எடும்."

பலகையை மடியில் வைத்தேன். நீர் திருப்புளியைப் பல்லில் வைக்கவில்லை. எனக்கு நேர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தீர்.

"வாசியும். நான் உம்ம மூஞ்சியப் பாத்துக்கிடுதேன்."

வாசித்தேன். தடித்த கம்பியைச் சுண்டியதும் என் முகம் தானாகச் சுளித்திருக்கவேண்டும். நீர் திருகை இறக்கினீர். மறுபடி சுண்டினேன், இன்னும் கொஞ்சம் இறக்கினீர். என் புருவம் எப்போது தளர்ந்ததோ அப்போது கையை எடுத்தீர். மெல்லிய கம்பியை ஏற்றினீர், நடுக்கம் வந்தது என்று என் உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்து அரைத் திருகு இறக்கினீர். ஆறு மாதமாகச் சண்டை போட்டும் வராத சமன் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. இரண்டாம் கம்பி மட்டும் கொஞ்சம் அமுங்கி நின்றது. அதன் திருகின் தலை மழுங்கிப்போய்த் திருப்புளி வழுக்கியது.

"வேற திருகு கடைஞ்சு வாங்கிட்டு வாரேன். வார ஞாயித்துக்கெழமை வாரும். ஒங்க வீட்டு அம்மாளையும் கூட்டிட்டு வாரும், இங்கனயே படிச்சுப் பாக்கட்டும்" என்றீர்.

புதன்கிழமை உமக்குக் காய்ச்சல் என்றார்கள். பிறகு மஞ்சள் காமாலை என்றார்கள். பதினோரு நாள். நான் வந்து பார்த்தபோது கண்ணைத் திறந்தீர், ஆனால் என் வாயைப் பார்க்கவில்லை. காதோரம் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். காதில் சொல்லி என்ன பிரயோஜனம் என்று வீதிக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மதினி அந்த வாத்தியத்தை எனக்கே கொடுத்துவிட்டார்கள். புதுத் திருகு கடைந்து தர ஆள் கிடைத்தான். ஆனால் மழுங்கியதைக் கழற்றப் போனால் மற்ற மூன்றும் அசைந்துவிடும், நீர் என் முகத்தைப் பார்த்து வைத்த கணக்கு கலைந்துவிடும். இரண்டுமுறை திருப்புளியை எடுத்துவிட்டுக் கீழே வைத்துவிட்டேன். என் முகத்தை நானே பார்த்துக்கொண்டு திருக எனக்குத் தெரியாது.

ஜெபமணி இப்போது வீட்டில் பாடுகிறாள். வேலை செய்துகொண்டே, பாதிப் பாட்டு. சபையில் எழுந்து நிற்க இன்னும் மனசு வரவில்லை. போன வாரம் நான் வாசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாட்டை முழுவதும் முடித்தாள். குழாய் வழியாக வந்த வாத்தியம் அவள் குரலுக்கு அடியில் பாய் விரித்தது போலக் கிடந்தது. நீர் கேட்டிருக்கமுடியாது. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பீர்.

இந்த மாதம் பாளையங்கோட்டைச் சபையில் வேறொருவரின் பாஸ் வாத்தியத்தை வாசிக்கும்படி ஆயிற்று. நல்ல வாத்தியம், நாலு கம்பியும் ஒன்றுபோலப் பேசும். முடிந்ததும் அங்குள்ள ஹார்மோனியக்காரர் கேட்டார்: "அண்ணாச்சி, ரெண்டாங் கம்பி வாரப்ப மட்டும் ஏன் இப்படி அடிச்சு வாசிக்கிய?"

பழக்கம் என்று சொன்னேன். அமுங்கிய கம்பியை அழுத்தி எழுப்பி எழுப்பி விரல் அப்படியே படிந்துவிட்டது, வேய். எந்த வாத்தியத்தைத் தொட்டாலும் அந்த இடத்தில் அது தானாக ஓங்குகிறது. மாற்றிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை.